ஊர்வன முட்டைக்கு வீட்டுப் பெட்டியா, கடை இன்குபேட்டரா? நம்ம ஊர் வெயிலுக்கு எது சரிவரும்?

பியர்டட் டிராகன் எனப்படும் ஆஸ்திரேலியப் பல்லி ஒரே ஈட்டில் 20 முட்டைகளுக்கு மேலும் இடக்கூடும். இட்ட முட்டைகளை மண்ணால் மூடிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. காட்டில் மீதியை மண்ணும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் இட்டால், அந்தப் பொறுப்பு வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

உடனே யூடியூபைத் திறந்தால் அங்கே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஹீட்டரும் போதும், காசை வீணாக்க வேண்டாம் என்பது ஒரு கட்சி. முட்டை விஷயத்தில் ரிஸ்க் எடுக்கக் கூடாது, நல்ல இன்குபேட்டராக வாங்குங்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே பிரச்சினை, முட்டைக்குப் போதுமான சூடு கிடைக்குமா என்பது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் பிரச்சினை அப்படியே தலைகீழ்.

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே. ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே: இந்தக் கட்டுரை சட்டப்படி வளர்க்கக்கூடிய வெளிநாட்டு இனங்களைப் பற்றியது. தோட்டத்தைக் கொத்தும்போது கிடைத்த பாம்பு முட்டைக்கு இது பொருந்தாது. அதற்கான காரணம் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ஒரு டிகிரி மாறினால் என்ன ஆகும்?

கோழி முட்டைக்குள் இருப்பது சேவலா, பெட்டையா என்பது முட்டை வெளியே வரும் முன்பே முடிவாகிவிடும். பல ஊர்வனவற்றில் அப்படி இல்லை. முட்டை எந்த வெப்பத்தில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் ஆண், பெண் முடிவாகிறது.

இதற்கு நல்ல உதாரணம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் சதுப்புநில முதலையின் முட்டைகளை வைத்து ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் செய்த ஆய்வு 1989-ல் வெளியானது. மாறாத வெப்பத்தில் அடைகாத்தபோது, 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்த முட்டைகளிலிருந்து பெண் குட்டிகள் மட்டுமே வந்தன. 32.5 டிகிரியில் ஆண் குட்டிகள் மட்டுமே. இடைப்பட்ட 31.5, 32 டிகிரியிலும், சற்று மேலே 33 டிகிரியிலும் இரண்டும் கலந்து வந்தன. முழுக்கப் பெண், முழுக்க ஆண் என்ற இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது வெறும் ஒன்றரை டிகிரி.

உலகம் முழுக்க அதிகம் வளர்க்கப்படும் லெப்பர்ட் கெக்கோவிலும் இதே கதைதான். 26 டிகிரியில் பெண்கள். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண்கள். 34 டிகிரியைத் தொட்டால் மறுபடியும் பெரும்பாலும் பெண்கள்.

பியர்டட் டிராகனில் ஆண், பெண்ணை முடிவுசெய்வது குரோமோசோம்தான். ஆனாலும் சுமார் 32 டிகிரிக்கு மேல் போனால், மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சு பெண்ணாக மாறிவிடும். 2015-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியக் காடுகளிலேயே இப்படிப் பாலினம் மாறிய டிராகன்கள் இருப்பதை உறுதிசெய்தது.

பாலினம் மட்டுமல்ல, உயிரும் இதில்தான் இருக்கிறது. சில மணி நேரம் சூடு குறைந்தால் பெரும்பாலான ஊர்வனக் கருக்கள் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொண்டு சமாளித்துவிடும். சூடு கூடினால் அந்தச் சலுகை கிடையாது. வளைந்த முதுகெலும்போடு குஞ்சு வரலாம், அல்லது முட்டைக்குள்ளேயே இறந்துவிடலாம்.

கோழி இன்குபேட்டர் இருக்கே, அது போதாதா?

ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதால் பலர் முதலில் யோசிப்பது இதைத்தான். அப்படியே பயன்படுத்தினால் இரண்டு சிக்கல்கள் வரும்.

முதலாவது, கோழி முட்டைக்குத் தேவை சுமார் 37.5 டிகிரி. அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அந்த அளவில் செட் செய்யப்பட்டே வரும். எந்த வளர்ப்பு ஊர்வன முட்டைக்கும் அது கொல்லும் சூடு.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. கோழி முட்டையை நாள்தோறும் திருப்பிவிட வேண்டும். அதற்காகவே ஆட்டோமேட்டிக் டர்னர் வைத்திருப்பார்கள். ஊர்வன முட்டையில், இட்ட ஓரிரு நாட்களிலேயே கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு சாகலாம். அதனால்தான் முட்டையை எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கடைசிவரை அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

டர்னரைக் கழற்ற முடிந்து, வெப்பத்தை 28 டிகிரி வரை குறைக்கவும் முடிந்தால் கோழி இன்குபேட்டரைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் ஹோவா-பேட்டர் அப்படிக் கோழிப் பண்ணைக்காக வந்து, பிறகு ஊர்வன வளர்ப்பவர்கள் கைக்கும் போன ஒன்றுதான்.

வீட்டுப் பெட்டி: என்ன வேண்டும், எங்கே சொதப்பும்?

வீட்டில் செய்யும் இன்குபேட்டரில் ரகசியம் எதுவும் இல்லை. சூட்டைத் தக்கவைக்க ஒரு பெட்டி, சூடு கொடுக்க ஒரு பொருள், அதை ஆன், ஆஃப் செய்ய ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான்.

பெட்டிக்கு மீன் கடையில் கிடைக்கும் தடிமனான தெர்மோகோல் பெட்டியோ, பழைய ஐஸ் பெட்டியோ, ஓடாத சின்ன ஃபிரிட்ஜோ போதும். சூட்டுக்கு ஹீட் மேட், ஹீட் கேபிள், அல்லது அடியில் தண்ணீர் ஊற்றி அதில் மூழ்கவைக்கும் மீன்தொட்டி ஹீட்டர். கட்டுப்படுத்த எஸ்டிசி-1000 போன்ற, ஒயரின் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் கன்ட்ரோலர்.

முட்டைகளை நேரடியாகப் பெட்டியில் வைப்பதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் நிரப்பி, அதில் பாதி புதையும்படி வைப்பார்கள். இரண்டுமே மாடித்தோட்டக் கடைகளில் கிடைப்பவைதான். வெர்மிகுலைட் என்றால் எடைக்கு எடை தண்ணீர் என்பது பழகிய கணக்கு. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

செலவு குறைவு என்பது வீட்டுப் பெட்டியின் பெரிய பலம். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொரு பலம். பலவீனங்களும் உண்டு:

• கன்ட்ரோலரின் துல்லியம். எஸ்டிசி-1000 வகைக் கருவிகளில் ஒரு டிகிரி வரை பிழை இருக்கலாம். மேலே பார்த்த முதலைக் கணக்கில் ஒரு டிகிரி என்றால் எவ்வளவு என்பது இப்போது புரியும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சாரை வைத்தால் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால், எவ்வளவு வித்தியாசமோ அதை செட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்.

• ரிலே ஒட்டிக்கொள்வது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் சுவிட்ச் பழுதாகி 'ஆன்' நிலையிலேயே நின்றுவிட்டால் ஹீட்டர் ஓயாமல் எரியும். இரவில் நடந்தால் காலையில் எல்லாம் முடிந்திருக்கும். பெட்டிக்கு எவ்வளவு குறைந்த வாட் போதுமோ அந்த ஹீட்டரையே போடுவது முதல் பாதுகாப்பு. ஒன்றிரண்டு டிகிரி அதிகமாக செட் செய்த இன்னொரு தெர்மோஸ்டாட்டை அதே லைனில் சேர்ப்பது இரண்டாவது பாதுகாப்பு.

• தண்ணீரும் கரன்ட்டும். மீன்தொட்டி ஹீட்டர் எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் ஹீட்டர் வெடிக்கலாம். வீட்டு இணைப்பில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லையென்றால் இந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது.

• குண்டு பல்பு. பழைய பழக்கத்தில் பலர் இதைப் போடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் சுடும், ஈரத்தையும் உறிஞ்சிவிடும். வேண்டாம்.

கடை இன்குபேட்டர்: காசுக்கு என்ன கிடைக்கிறது?

இதில் இரண்டு ரகம் உண்டு. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்குபவர் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

முதல் ரகம் சூடு மட்டும் தரும். உள்ளே ஹீட்டர், தெர்மோஸ்டாட், வெளியே அழகான மூடி. உண்மையைச் சொன்னால் இது தெர்மோகோல் பெட்டியின் நேர்த்தியான வடிவம்தான். வயரிங் பாதுகாப்பாக இருக்கும், வாரன்டி இருக்கும், கூட்டிச் சேர்க்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது ரகம் சூடும் தரும், குளிர்ச்சியும் தரும். எக்ஸோ டெர்ராவின் ஊர்வன இன்குபேட்டர், லக்கி ரெப்டைலின் ஹெர்ப் நர்சரி ஆகியவை இந்த வகை. கார்களில் வைக்கும் மினி ஃபிரிட்ஜில் இருக்கும் அதே பெல்டியர் தொழில்நுட்பம். கரன்ட் பாயும் திசையை மாற்றினால், சூடாகும் பக்கம் குளிரும். விலை வீட்டுப் பெட்டியைவிடப் பல மடங்கு. ஆனால் பணம் போவது பெட்டிக்கு அல்ல, அந்தக் குளிர்ச்சிக்கு. பெல்டியரும் மந்திரம் அல்ல. அறை வெப்பத்தைவிட ஓரளவுக்குத்தான் அதனால் குறைக்க முடியும். அறையே கொதித்தால் அதுவும் திணறும்.

விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதால் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது. எந்த ரகமாக இருந்தாலும், முட்டைகளின் உயரத்தில், முட்டை டப்பாவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்தே ஆக வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில் என்ன நடக்கும்?

சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அக்னி நட்சத்திர நாட்களில் 40-ஐத் தொடுவது புதிதல்ல. கான்கிரீட் மாடிக்குக் கீழே இருக்கும் அறை மதியம் 34 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை 29 டிகிரியில் செட் செய்திருக்கிறீர்கள். தெர்மோஸ்டாட் தன் கடமையைச் சரியாகச் செய்து ஹீட்டரை அணைத்துவிடும். அதற்கு மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. பெட்டிக்குள்ளும் மெல்ல மெல்ல 34 ஆகும். நல்ல தெர்மோகோல் பெட்டி என்றால், ஏறிய சூட்டை இரவிலும் வெளியே விடாது.

சூடு மட்டும் தரும் பெட்டி, வீட்டில் செய்ததானாலும் கடையில் வாங்கியதானாலும், அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. நம்ம ஊரில் முடிவெடுக்க வேண்டியது இந்த ஒரு வரியை வைத்துத்தான். 'வீட்டுப் பெட்டியா, கடைப் பெட்டியா' என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சரி, அப்போ எதைத் தேர்வு செய்யலாம்?

முதலில் உங்கள் இனத்துக்கு எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று பாருங்கள். பியர்டட் டிராகனுக்கு 28, 29 டிகிரியில் சுமார் 60 முதல் 70 நாட்கள். பால் பைத்தானுக்கு 31, 32 டிகிரியில் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பச்சை இகுவானாவுக்கு 29 முதல் 31 டிகிரி, மூன்று மாதம்கூட ஆகலாம். அந்த நாட்களில் உங்கள் அறை எவ்வளவு சூடாகும் என்பதை இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

அறை எப்போதும் தேவையான அளவுக்குக் கீழேதான் இருக்கும் என்றால்: ஊட்டி, கொடைக்கானல் வீடுகளும், டொரன்டோ, லண்டன் வாசகர்களும் இந்த வகை. சென்னையின் டிசம்பர், ஜனவரியும் ஏறக்குறைய இப்படித்தான். இங்கே நன்றாகச் செய்த வீட்டுப் பெட்டி போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல தெர்மோஸ்டாட், இரண்டாவது தெர்மாமீட்டர் வாங்கலாம்.

வெயில் காலம், ஆனால் ஏசி அறை இருக்கிறது என்றால்: ஏசியை 26-ல் வைத்து, அந்த அறைக்குள் வீட்டுப் பெட்டியை 29-ல் ஓட்டலாம். தெர்மோஸ்டாட்டுக்கு மறுபடியும் வேலை வந்துவிடும். ஆனால் இரண்டு மாதம் இரவு பகலாக ஏசி ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்தைக் கணக்குப் போட்டால், குளிர்விக்கும் இன்குபேட்டரின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

வெயில் காலம், ஏசியும் இல்லை என்றால்: குளிர்விக்கும் கடை இன்குபேட்டரை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பது ஒரு வழி. ஓடும் நிலையில் உள்ள பழைய சின்ன ஃபிரிட்ஜை மாற்றியமைப்பது இன்னொரு வழி. எஸ்டிசி-1000-ல் ஹீட்டருக்கு ஒன்று, கூலருக்கு ஒன்று என இரண்டு இணைப்புகள் உண்டு. கம்ப்ரஸர் அடிக்கடி ஆன், ஆஃப் ஆகாமல் இருக்கச் சில நிமிட இடைவெளி கொடுக்கும் செட்டிங்கும் உண்டு. வயரிங் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்வதே பாதுகாப்பு.

பால் பைத்தான் மட்டும்தான் என்றால்: அதற்குத் தேவையான அளவே நம்ம ஊர் அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நெருக்கடி கொஞ்சம் குறைவு. தாய்ப்பாம்பே முட்டைகளைச் சுற்றிக்கொண்டு காக்கும் இனமும்கூட. ஆனால் 34-ஐத் தொடும் மதிய வேளைகள் இதற்கும் ஆபத்துதான்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி காலண்டரில் இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் எப்போது சேர்ப்பது என்பது வளர்ப்பவர் கையில்தான். முட்டைகள் குளிர்காலத்தில் வரும்படி திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பியர்டட் டிராகன் பெண் விந்தணுக்களைச் சேமித்து வைத்து, ஒரே இணைசேர்க்கைக்குப் பிறகு அடுத்தடுத்து முட்டையிடும். முதல் ஈடு ஜனவரியில் என்றால் மூன்றாவது ஈடு ஏப்ரலில் வந்து நிற்கலாம்.

கரன்ட் போனால்?

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் சின்ன ஹீட்டருக்கு அது தாங்கும். இல்லாவிட்டாலும், பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய சில பாட்டில்களைப் போட்டுவைத்தால் சூடு இறங்குவதும் ஏறுவதும் மெதுவாகும். தெர்மோகோல் சுவரும் கைகொடுக்கும். ஓரிரு மணி நேரம் கரன்ட் போனதற்காகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் அதிகக் கெடுதல். குளிர்விக்கும் இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள், மே மாத மதியத்தில் கரன்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் குளிரவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி, முட்டை டப்பாவைத் தொடாமல் வைப்பது எளிய வழி.

முட்டை வரும் முன் செய்ய வேண்டியவை

• முட்டை இல்லாமலேயே ஒரு வாரம் இன்குபேட்டரை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் பதிவான அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறித்துவையுங்கள். அந்த எண்களைக் காட்டும் தெர்மாமீட்டரே வாங்குங்கள்.
• சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முட்டைகள் இருக்கப்போகும் இடத்தில் வையுங்கள்.
• மூடியில் கோர்க்கும் நீர்த்துளிகள் முட்டை மேல் சொட்டாதபடி டப்பாவைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம்.
• முட்டைகளை வைத்த பிறகு வாரம் ஒருமுறை டப்பாவைத் திறந்து காற்று மாற்றினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி 'விலங்கு' என்பதில் அதன் முட்டையும் அடக்கம். காட்டு ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. சாரைப்பாம்பு, உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. நட்சத்திர ஆமை 2019-லிருந்து சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் சைட்ஸ் முதல் பட்டியலிலும் இருக்கிறது. வீட்டருகே முட்டைகள் கிடைத்தால் இன்குபேட்டரைத் தேட வேண்டாம், வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

வெளிநாட்டு இனங்களுக்கும் கணக்கு உண்டு. 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சைட்ஸ் இனங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. பால் பைத்தான், பச்சை இகுவானா இரண்டும் சைட்ஸ் பட்டியலில் இருப்பவை. இத்தகைய இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். புதிதாகப் பிறக்கும் குட்டிகளையும் தெரிவிக்க வேண்டும். அதாவது, இன்குபேட்டரில் பொரியும் ஒவ்வொரு குஞ்சும் அரசுக் கணக்கில் ஏற வேண்டிய ஒன்று. உங்களிடம் இருக்கும் இனம் அட்டவணையில் உள்ளதா என்பதை முட்டை வரும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

பொரித்த பிறகு?

ஒரு ஈட்டில் 20 டிராகன் குஞ்சுகள் வந்தால் 20 பேருக்கும் தனித்தனியாகத் தொட்டி, யுவிபி விளக்கு, நாள்தோறும் உயிருள்ள பூச்சிகள் வேண்டும். ஒன்றாக விட்டால் ஒன்றின் வாலை, விரலை இன்னொன்று கடித்துவிடும். வாங்க ஆள் இல்லாமல், வளர்க்கவும் முடியாமல் குளத்தில் விடப்பட்ட சிவப்புக் காது ஆமைகள் இன்று இந்திய நீர்நிலைகளில் உள்ளூர் ஆமைகளுக்குப் போட்டியாக நிற்கின்றன. 

அதனால் பொறுப்பாக வளர்ப்பவர்கள் பலர், குஞ்சுகளுக்கு இடம் இல்லை என்றால் முட்டைகளை இட்ட அன்றே ஃபிரீஸரில் வைத்துவிடுகிறார்கள். கரு வளரத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முடிவு அது. தள்ளிப்போட்டால் அந்த முடிவு கடினமாகிக்கொண்டே போகும். எனவே எந்த இன்குபேட்டர் என்று தேடத் தொடங்கும் முன், இத்தனை குஞ்சுகளுக்கு வீடு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருக்கிறது என்றால், ஒரு தெர்மாமீட்டரை வாங்கி, முட்டைகளை வைக்கப்போகும் அறையில் ஒரு வாரம் மாட்டிவையுங்கள். வீட்டுப் பெட்டியா, கடைப் பெட்டியா என்பதை அது காட்டும் எண்ணே சொல்லிவிடும்.